லில்லிக்கு முன்னால் ஒருவர்

அக்காவின் கால் உடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மட்டாஞ்சேரியில் மீன் வாங்கப் போன இடத்தில் ஈரப் படியில் வழுக்கி விழுந்ததில் இடது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஃபோன் செய்தபோது வலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை லில்லிக்குப் புதுநன்மை. ஒரு வாரம் வந்து கூட நிக்க முடியுமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

லில்லி என் அக்கா ஸ்டெல்லாவின் இளைய மகள். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். வயது பதினேழு. பூசையில் கர்த்தரின் உடலாகத் தரும் அப்பத்தை, நற்கருணையை, மற்ற பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதில் முதன்முதலாக வாங்கும் புதுநன்மை அவளுக்கு மட்டும் வருடா வருடம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. காரணம் அவளுடைய நாக்கு. காய்ந்த பொருள் எது அதில் ஒட்டினாலும் உடனே துப்பிவிடுவாள். பிஸ்கட், அப்பளம், முறுக்கு எதற்கும் விலக்கில்லை. பயிற்சிக்குக் கொடுத்த அப்பத்தையும் ஒவ்வொரு முறையும் துப்பினாள். போன பங்குச் சாமியார் பொறுத்துப் பார்ப்போம் என்றார். இந்த வருடம் புதிதாக வந்தவர், இன்னும் எத்தனை நாள் பொறுப்பது, வாங்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

நான் திருச்சியில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களின் அறை வாசலில் காத்திருப்பதுதான் என் பிழைப்பு. ஒரு வாரம் லீவு கேட்டால் மேனேஜர் முகம் எப்படி மாறும் என்று தெரியும். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் பையைக் கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். சுக்கும் மிளகும் அடுக்கிய கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருக்கும் ஓட்டு வீடு அது. சந்தின் முனையிலேயே எனக்குத் தும்மல் வந்துவிடும். வீட்டில் அக்காவும் லில்லியும் மட்டும் இருந்தார்கள். மச்சான் ஜோய் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் கிரேன் ஓட்டுகிறார். காலை ஷிஃப்டுக்கு விடியும் முன்பே போயிருந்தார். மூத்தவள் ரோஸ்மிக்குக் காக்கநாட்டில் கணினி வேலை. ஏழு மணி பஸ்ஸை விட்டால் அன்றைய பொழுதே அவளுக்குக் கோணிவிடும்.

"எடா, நீ வந்தல்லோ, எனக்கு அது மதி, அது போதும்," என்றாள் அக்கா, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்தபடி. அவள் திருச்சியில் பிறந்து வளர்ந்தவள்தான். இருபத்து நான்கு வருடத்தில் அவள் தமிழுக்குள் மலையாளம் எப்போது வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியாது.

லில்லி வந்து என் பையை முகர்ந்து பார்த்தாள். பிறகு, "மாமா, சாயா," என்றாள். எனக்குத் தரப்போகிறாள் என்று நினைத்தேன். போட்டுத் தரச் சொல்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

சாயா பரவாயில்லை. சோறுதான் மானத்தை வாங்கியது. எங்கள் ஊர்ப் பொன்னி அரிசி கால் மணி நேரத்தில் வெந்துவிடும். இந்த மட்ட அரிசி, செம்மண் நிறத்தில் உருண்டு உருண்டு, முக்கால் மணி நேரமானாலும் அசைந்து கொடுக்காது. நான் பாதியில் கஞ்சியை வடித்துவிட்டேன். லில்லி ஒரு வாய் வைத்தாள், மென்றாள், வாயில் இருந்ததை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக வைத்தாள். "வேகல," என்றாள். கோபமில்லை, தகவல் மட்டும்.

மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. எங்கள் அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் எல்லோரும் முட்டி போட்டு, பத்துப் பத்து மணியாக ஐந்து பத்துகளும் முடித்த பிறகுதான் தட்டு வைப்பார்கள். அக்கா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அக்கா ஃபோனை எடுத்து மடியில் வைத்தாள். ரோஸ்மி பஸ்ஸில் வரும் வழியில் ஒரு பத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். 'அருள் நிறைந்த மரியே' மலையாளத்தில் போய்க்கொண்டிருக்க, நடுவில் கண்டக்டர் "தோப்பும்படி, தோப்பும்படி" என்று கூவினார். அடுத்த பத்து ஜோய் அனுப்பியது. இரட்டை ஷிஃப்ட் என்பதால் அவர் வீட்டுக்கு வரவில்லை. பின்னணியில் ஏதோ வண்டி பின்னால் வரும் பீப் சத்தம் விடாமல் கேட்டது. மீதி மூன்றையும் அக்காவும் நானும் லில்லியும் சொன்னோம்.

"இப்படிச் சொன்னா சேருமாக்கா?" என்று கேட்டேன்.

"மாதா ஒரு வீடு நடத்தினவங்கடா. அவங்களுக்கு இதெல்லாம் மனசிலாகும்," என்றாள்.

எங்கள் வீட்டில் இதுகூட இல்லை. மகளுக்கு ஞாயிறு காலையில் நீட் பயிற்சி வகுப்பு, மகனுக்குக் கிரிக்கெட், எனக்கு அடுத்த வார டூர் திட்டம். என் மனைவி பெல்சி மட்டும் தனியாக முதல் பூசைக்குப் போய் வருவாள். நான் எப்போதாவது போனால் கோவில் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்புவேன்.

செவ்வாய்க்கிழமை காலை பயிற்சியைத் தொடங்கினோம். கன்னியர் மடத்திலிருந்து பூசையில் வைக்காத வெறும் அப்பங்கள் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்கள். அக்கா சொல்லிக் கொடுத்தபடி நான் சாமியார் போல நின்று ஒன்றை எடுத்து நீட்டினேன். லில்லி வாயைத் திறந்தாள், வாங்கினாள், உதடு குவிந்தது, என் சட்டையில் துப்பினாள். இரண்டாவதும் சட்டையில். மூன்றாவது என் கண்ணாடியில்.

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "இது வெறும் அப்பம். ஞாயித்துக்கிழமை இதே மாதிரி கர்த்தரைத் துப்பிட்டான்னா நான் எங்கடா போயி நிப்பேன்?" என்றாள். அவளுடைய பயம் எதுவென்று அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதல்ல அது.

நான்கு மணிக்குக் கோவிலில் ஒத்திகை. ஜோய் குடும்பத்தின் பங்குக்கோவில் பள்ளுருத்திப் பக்கம் இருக்கிறது. பஸ்ஸில் போக வேண்டும். இங்கே பஸ்ஸில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். லில்லியை முன்வாசலில் ஏற்றி, ஒரு பெண்மணியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் பின்வாசலில் தொற்றிக்கொண்டேன். நடுவில் நல்ல கூட்டம். எங்கள் நிறுத்தத்தில் இறங்கி முன்னால் ஓடினேன். லில்லி இல்லை.

"பச்சை உடுப்புப் போட்ட பிள்ளையா? அது குருசடியிலேயே இறங்கிப் போச்சே," என்றார் வாசலில் நின்ற பஸ்காரர் மலையாளத்தில். இரண்டு நிறுத்தம் பின்னால். பஸ் போய்விட்டது.

ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். அந்த ஐந்து நிமிடத்தில் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதற்குப் பத்து வாக்கியம் யோசித்திருப்பேன். இடையில் என் வாய் தானாக 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் சோற்றுக்காக அவசரமாகச் சொல்வோமே, அதே வேகத்தில். அதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

குருசடி என்பது சாலையோரத்துச் சின்னக் கெபி. உள்ளே அந்தோணியார். வாசற்படியில், மீன் அலுமினியப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் லில்லி. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள் என்பதால் யாரோ நேர்ந்துகொண்டு ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு, மென்று, வாயைத் திறந்து காட்டினார். அடுத்த துண்டை லில்லிக்குக் கொடுத்தார். காய்ந்த ரொட்டி. லில்லி அதை மென்று விழுங்கினாள்.

"லில்லி," என்று கத்திவிட்டேன்.

"மாமா லேட்," என்றாள் அவள்.

"பிள்ளையிடம் ஏன் சத்தம் போடுகிறாய்? ஒவ்வொரு செவ்வாயும் அம்மாவோடு இங்கேதான் இறங்குவாள். இன்றும் சரியாகத்தான் இறங்கினாள். இறங்காமல் போனது நீதான்," என்றார் அந்தப் பெண். அவர் பேசிய மலையாளம் எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

ஒத்திகைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற பிள்ளைகள் கிளம்பியிருந்தார்கள். பங்குச் சாமியார் மட்டும் முற்றத்தில் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் பிளாஸ்டிக் வாளி. மழையில் கோவிலுக்குள் ஒழுகும் இடங்களில் வைப்பதற்கு. அக்காவின் பயத்தை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும்.

"கர்த்தரைச் சிலுவையில அறையக் கொண்டுபோனவங்க இதைவிட மோசமா அவர் மேல துப்பியிருக்காங்க," என்றார். "அவங்க வெறுத்துத் துப்பினாங்க. இவ நாக்கு பயந்து துப்புது. ஸ்டெல்லாச் சேச்சிகிட்ட சொல்லுங்க." பிறகு லில்லியின் தலையில் கை வைத்துவிட்டு வாளியோடு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்ததும் பஸ் விஷயத்தை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். 'மாமா லேட்' என்ற இடத்தில் சிரித்தாள். கால் வலிக்கும் வரை சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, "காஞ்ச ரொட்டியையா தின்னா?" என்றாள்.

புதன்கிழமை அந்த மீன்காரப் பெண் செய்ததையே செய்தோம். முதலில் நான் ஒரு அப்பத்தை வாயில் போட்டேன். மென்றேன். வாயைத் திறந்து காட்டினேன். பிறகு லில்லிக்குக் கொடுத்தேன். முதல் இரண்டும் தரையில். மூன்றாவதை மூன்று நொடி வைத்திருந்து துப்பினாள். ஆறாவதை விழுங்கினாள். என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். தன் வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

அவளுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று போனதில் மத்தியானத்துக்குள் பொட்டலம் காலி. பக்கத்து வீட்டு ஷாஹிதா கொல்லைப்பக்கமாக எட்டிப் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டார். பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான். அவர் கணவருக்குச் சுக்கு வியாபாரம்.

"அரிசிப் பத்திரி மாதிரி மெல்லிசா தேய்ச்சுத் தந்தா ஆகுமா, அண்ணே?"

"ஆகும். ஆனா கோதுமை மாவு."

"உப்பு?"

"வேண்டாம்."

"எண்ணெய்?"

"அதுவும் வேண்டாம்."

"யா அல்லா, பிள்ளை ஏன் துப்பாது?" என்றார் ஷாஹிதா. ஆனால் ஒரு மணி நேரத்தில், பாட்டில் மூடியால் வெட்டிய வட்டங்களை டிபன் டப்பா நிறையக் கொண்டுவந்தார். காகிதம் போல மெல்லிசு. "ஞாயித்துக்கிழமை நானும் வந்து பாக்கலாமா, ஸ்டெல்லாக்கா? பின்னாடி நின்னுக்கறேன்," என்று கேட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஜோய்க்கு ஓய்வு நாள். கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் அவரே சமைத்தார். நான்கு நாளில் நான் சாப்பிட்ட முதல் ஒழுங்கான சாப்பாடு. குடம்புளியின் புளிப்பு நம் புளி போல முன்னால் வந்து நிற்பதில்லை, விழுங்கிய பிறகு மெல்ல எட்டிப் பார்க்கிறது. சாப்பிட்டு முடித்ததும், "அளியா, இனி நான் பழக்கறேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். மகளுக்கு முன்னால் நின்று அப்பத்தை வாயில் போட்டார். லில்லி சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா ஊட்டினால் அது விளையாட்டு என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். அவள் சிரித்ததில் பறந்த துண்டு அவர் மீசையில் ஒட்டியது. திரும்ப முயன்றார். அதே சிரிப்பு.

சாயங்காலம் மறைக்கல்வி சொல்லித்தரும் ஷீபா டீச்சர் பார்க்க வந்தார். நான் செய்துகாட்டியதும் லில்லி வாங்கி விழுங்கியதும் பார்த்துவிட்டு அவர் மலையாளத்தில் சொன்னார்: "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையும் இவரே லில்லிக்கு முன்னால் நின்று நற்கருணை வாங்கட்டும். அவள் இவரைப் பார்த்து வாங்குவாள். இதில் என்ன யோசனை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது சாதாரண விஷயம். "ம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை விடாத மழை. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆடுகள் கிட்டங்கித் திண்டுகளில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தன. ரோஸ்மி வீட்டிலிருந்தே வேலை என்று உள்ளறையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு யாருக்கோ ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் வெட்டுவது என்று ஏற்பாடு.

"அக்கா, நான் நன்மை வாங்குறதில்ல," என்றேன்.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமாச்சு."

"செவுளை இன்னும் உள்ள வரைக்கும் எடு," என்றாள். எடுத்தேன்.

பிறகு சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்னால் பெல்சிக்கு மூன்றாவதாக ஒரு பிள்ளை உண்டாகி நான்காவது மாதத்தில் கலைந்துபோனது. அன்று நான் புதுக்கோட்டையில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். அவள் ஃபோன் செய்து ரத்தம் போகிறது என்றாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ, மீட்டிங் முடிந்ததும் வருகிறேன் என்று சொன்னேன். முடித்துவிட்டுத்தான் போனேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நற்கருணை வரிசையில் எழுந்து நிற்கக் கால் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு அதுவே பழகிவிட்டது. வேறு பெரிய கதை எதுவும் இல்லை.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை நீட்டி என் தலையில் இருந்த ஒரு மீன் செதிலை எடுத்துப் போட்டாள்.

"எனக்காகப் போகாத," என்றாள். "லில்லிக்காகவும் போகாத, கேட்டியா. அவளுக்கு வேற வழி உண்டாக்கிக்கலாம். இல்லேன்னா அடுத்த வருஷம். இத்தனை வருஷம் இருந்தோம்ல."

அவள் அப்படிச் சொல்லாமல் வற்புறுத்தியிருந்தால் எனக்கு மறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை மழை விட்டிருந்தது. கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளுருத்தி பஸ் ஏறினேன். நன்மை வாங்குமுன் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஆட்டோ ஓட்டுநர், காக்கிச் சட்டையோடு. வெளியே வண்டியை இயக்கத்திலேயே விட்டு வந்திருந்தார் போல, அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடினார்.

"தமிழ்ல சொல்லுங்க. மெல்லச் சொன்னாப் போதும்," என்றார் சாமியார்.

சொன்னேன். சரளமாக வரவில்லை. புதுக்கோட்டை என்ற ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"இதைப் பெல்சிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சாமி."

"அதுதான் பிராயச்சித்தம். இன்னைக்கே சொல்லணும்."

பத்து ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். கோவிலுக்கு வெளியே மதில் ஓரமாக நின்று பெல்சிக்கு ஃபோன் செய்தேன். பின்னால் மகள் எதையோ மனப்பாடம் செய்யும் சத்தம் கேட்டது. குக்கர் மூன்று முறை கத்தியது. "கொஞ்சம் வெளிய வந்து பேசுறியா?" என்றேன். மொட்டை மாடிக்குப் போனாள். அன்றைக்கு நான் வந்திருக்க வேண்டும் என்றேன். வராதது தப்பு என்றேன். இவ்வளவு நாள் சொல்லாதது அதைவிடத் தப்பு என்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை.

லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன்.

"அந்த ஆட்டோக்காரர் நல்ல மனுஷங்க," என்றாள். "ஆஸ்பத்திரி வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே வந்தாரு, நான் பயந்துடக் கூடாதுன்னு. உள்ள கொண்டுபோய் விட்டுட்டு, உங்க ஃபோன் வர்ற வரைக்கும் வெளியவே நின்னிருக்காரு. அவர் பேரைக்கூட நான் கேக்கல. அதை யாருகிட்டயும் சொல்ல முடியலேன்னு இருந்துச்சு."

நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

"சரி. நாளைக்கு லில்லி வாங்கினதும் எனக்கு ஃபோன் பண்ணுங்க," என்றாள். குரலில் மூக்கடைப்பு இருந்தது. "குக்கரை இறக்கணும்."

ஞாயிறு ஒன்பது மணிப் பூசை. ஜோய் ஒரு நண்பரின் வேனை வாங்கி வந்திருந்தார். கோவிலில் இரவல் தந்த சக்கர நாற்காலியில் அக்கா. அதன் பிடியில் லில்லியின் கை. புதுநன்மைப் பிள்ளைகள் பதினொரு பேர், எல்லோருக்கும் வெள்ளை உடை, தலையில் பூ வளையம். அவர்கள் நடுவே லில்லி ஒரு தலை உயரமாக நின்றாள். அதைப் பற்றி அவளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. கடைசி வரிசையில் ஷாஹிதா, மடியில் குடையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எழும்போது எழுந்தும் உட்காரும்போது உட்கார்ந்தும் கவனமாக இருந்தார்.

நற்கருணை நேரம் வந்தது. சின்னப் பிள்ளைகள் எல்லோரும் வாங்கி முடித்தார்கள். ஷீபா டீச்சர் எனக்குக் கண்ணைக் காட்டினார். அக்காவின் நாற்காலி பீடத்துக்கு அருகே, லில்லிக்குப் பக்கவாட்டில் இருந்தது. அக்கா மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை லில்லியின் தாடைக்குக் கீழே ஏந்திப் பிடித்தாள்.

நான் முன்னால் போய் நின்றேன். சாமியார் சொன்னதற்கு 'ஆமேன்' என்றேன். நாக்கில் வைத்தார். ஆறு வருடத்தில் அந்த ருசி மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ருசி என்று ஒன்று இருந்தால்தானே மறப்பதற்கு. லில்லியின் பக்கம் திரும்பினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன். கோவிலில் அத்தனை பேருக்கு முன்னால்.

சாமியார் அப்பத்தில் ஒரு சின்னத் துணுக்கை எடுத்துக் கிண்ணத்துத் திராட்சை ரசத்தில் தோய்த்து நீட்டினார். லில்லி வாயைத் திறந்தாள். வாங்கினாள். மூடினாள்.

கன்னம் அசைந்தது. பிறகு உதடு மெல்லக் குவிய ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் குவிதல் தெரியும். ரோஸ்மி கண்ணை மூடிக்கொண்டாள். அக்காவின் கை கைக்குட்டையோடு ஒரு விரற்கடை மேலே போனது.

லில்லி தன் வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையால் தன் வாயைத் தானே அழுத்தி மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியே நின்றாள். பாடற்குழு பாட்டை முடித்துவிட்டு அடுத்தது தொடங்காமல் காத்திருந்தது. கூரைத் தகரத்தில் மழை மறுபடி விழ ஆரம்பித்தது.

அவள் தொண்டை ஏறி இறங்கியது. கையை எடுத்தாள். முன்னமே சொல்லியிருக்க வேண்டிய 'ஆமேனை' இப்போது, கோவில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

சாமியார் தலை குனிந்து நின்றார். ஜோய் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து வாசலில் சாமியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். லில்லி அவர் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"அச்சா, நாளெயும் தருமோ?"

"நாளைக்கும் உண்டு, மோளே. தினமும் உண்டு. காலை ஆறு மணிக்கு."

"அச்சன் அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார் ஜோய். எல்லோரும் சிரித்தோம். நான் தள்ளிப் போய் பெல்சிக்கு ஃபோன் செய்தேன். வீட்டில் ஷாஹிதா வைத்த ஆட்டுக்கறி ஸ்டூவும், அக்கா சொல்லி ரோஸ்மி கள் சேர்த்துச் சுட்ட கள்ளப்பமும். சாப்பிட்ட கையோடு ஜோய் ஷிஃப்டுக்கு ஓடினார். ரோஸ்மி மடிக்கணினியைத் திறந்தாள். அக்காவுக்கு மாத்திரை கொடுத்தேன். மலை போல் குவிந்திருந்த பாத்திரங்களைத் துலக்கினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் எனக்கு ரயில். விடிகாலையில் யாரோ என் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார்கள். லில்லி, நேற்றைய வெள்ளை உடையில், பொத்தான் மாறிப் போட்டு நின்றாள். "ஆறு மணி," என்றாள். அக்கா கட்டிலிலிருந்து, "அவளுக்கு யாராச்சும் ஒன்னு சொன்னா அது சொன்னதுதான். ஆட்டோல கொண்டுபோடா," என்றாள்.

கோவிலில் பதினைந்து பேர் இருப்பார்கள். இரண்டு கன்னியர்கள். இரவுக் காவல் சீருடையோடு ஒருவர். சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ். பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு அம்மா. பூசை நடக்கும்போதே ஒருத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். எல்லோரும் இதை முடித்துவிட்டு வேறெங்கோ ஓட வேண்டியவர்கள்.

நற்கருணைக்கு வரிசை எழுந்தபோது நான் லில்லியின் பொத்தானைச் சரி செய்துகொண்டிருந்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டுப் போய் வரிசையில் நின்றுவிட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவே காவல்காரரும் நர்சும். முன்னால் போய்விடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். வரிசையைத் தாண்டிப் போவது நன்றாக இருக்காது என்று நின்றேன்.

என்னால் அவள் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. சாமியாரின் கை உயர்ந்தது, தாழ்ந்தது. லில்லி அசையாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பி, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்துபோனாள். என்னைப் பார்க்கவில்லை. வாய் மூடியிருந்தது.

காவல்காரர் வாங்கினார். நர்ஸ் வாங்கினார். என் முறை வந்தது. வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் இருக்கையில் முட்டி போட்டு, தன் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தாள்.